சேலத்திலிருந்து கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ்: இங்கேயே இருப்பதா, சென்னைக்குப் போவதா, வேறு பக்கம் திரும்புவதா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் சிவதாபுரத்திலிருந்து ஒரு அப்பா நேராகப் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், பற்றவைத்துப் பற்றவைத்து விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்துப்போயிருக்கும். மகள் ஏழாவதிலிருந்து என்னிடம் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுகிறவள், காலேஜிலும் அதை விடமாட்டேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவர் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை, செலவைப் பற்றிக்கூட முதலில் கேட்கவில்லை. "டீச்சர், எங்க சொன்னாலும் சேர்த்துடறேனுங்க. பாப்பா விழுந்தா அங்க யாரு பிடிப்பாங்க?" என்றார்.

பன்னிரண்டு வருடமாகப் பி.டி. டீச்சராக இருக்கிறேன். எந்தக் காலேஜ் நல்லது, விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கிடைக்குமா என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இவர் கேட்டதுதான் சரியான கேள்வி. அவளுக்கு முன்னால் இருக்கிற வழிகளை ஒரு வாரம் இந்த ஒரு கேள்வியிலேயே உரசிப் பார்த்தேன். ஓமலூர், ஆத்தூர், எடப்பாடி பக்கமும் இதே நிலையில் பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். நல்ல ஹேண்ட்ஸ்டாண்ட், தலைகீழாகக் கையில் அசையாமல் நிற்பாள். கார்ட்வீல், ரவுண்ட்ஆஃப், முன்னும் பின்னும் வாக்ஓவர், ஃப்ரன்ட் ஹேண்ட்ஸ்பிரிங் என்று கை ஊன்றித் திரும்பும் அடிப்படை வித்தைகள் எல்லாம் சுத்தமாக வரும். பின்பக்கமாகப் பாய்ந்து கை ஊன்றித் திரும்பும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங்கை நான் கை கொடுத்தால் போடுவாள், தனியாக விடமாட்டேன். உயரம் வேறு வேறான இரண்டு கம்பிகளில் தொங்கிச் சுழலும் அன்ஈவன் பார்ஸை அவள் தொட்டதே கிடையாது. எங்களிடம் இருப்பது நாலு மேட், அதில் ஒன்று தையல் பிரிந்து தேங்காய் நார் வெளியே தெரிவது, அப்புறம் ஆசாரியிடம் சொல்லிச் செய்து ரெக்சின் போர்த்திய ஒரு பீம், அதாவது ஏறி நடந்து வித்தை செய்யும் ஒற்றைக் கட்டை, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பெண்கள் ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸில் ஓடிவந்து மேசையில் கை ஊன்றித் தாண்டும் வால்ட், அன்ஈவன் பார்ஸ், பீம், தரையில் செய்யும் ஃப்ளோர் என்று நான்கு. அதில் ஒன்றரைதான் அவளுக்குத் தெரியும் என்பது உண்மை. இதை மறைத்துவிட்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. பெரிய அரங்குகளில் பழகும் பிள்ளைகள் ஐந்தாறு வயதில் தொடங்கியிருப்பார்கள், இவளுக்கு 17 முடிந்துவிட்டது.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேயே இருப்பது என்ற வழியில் நான் போய்ப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஊர் ஏற்காட்டில் நாகலூர் பக்கம். காலையில் பஸ் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் காலேஜுக்கு வருவேன், வயிறு புரட்டல் அடங்கவே முதல் பீரியட் ஆகிவிடும். சாயந்திரம் பிராக்டீஸ், ஆனால் மலைக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை என்பதால் வார்ம்அப் போக மிஞ்சுவது முக்கால் மணி நேரம்தான். நான் படித்த கல்லூரியில் உபகரணம் இல்லாமல் இல்லை, வால்டிங் டேபிள் ஒன்று ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது. எடுத்துப் போட்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற பயத்தில் மூன்று வருடமும் அதை வெளியே எடுக்கவே இல்லை. இருந்தாலும் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானேன். அன்றைக்கு வந்த பெண்களே ஏழெட்டுப் பேர்தான்.

அகில இந்தியப் போட்டிக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாக உண்மையான பீமைப் பார்த்தேன். 5 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் அகலம், அளவு எல்லாம் மனப்பாடம். உயரம் 125 சென்டிமீட்டர் என்பதும் தெரியும். ஆனால் ஏறி நின்று கீழே பார்த்தபோது கால் கட்டைவிரல் தானாக மடங்கி ரெக்சினைக் கவ்விக்கொண்டது, அடுத்த அடி எடுத்து வைக்கவே வரவில்லை. தரையில் ஆயிரம் முறை போட்ட வாக்ஓவர் அது. இரண்டு தடவை விழுந்தேன், இரண்டாவது தடவை மணிக்கட்டில் இறங்கினேன், மழைக்காலத்தில் இன்றும் அது வலிக்கும். அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை, மற்ற மாநிலத்துப் பெண்கள் ஓடிவந்து ஐஸ் வைத்தார்கள். ஆனால் பஸ்ஸிலும் ரயிலிலும் திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு: இந்த உயரத்தில் ஒரு பீம் மட்டும் இருந்து, பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் போதுமே.

சரி, அதற்காக இங்கேயே இருப்பது மட்டம் என்று சொல்ல வரவில்லை. பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ் இருக்கும் ஒரு கல்லூரியில் சேர்ந்தால் வீட்டுச் சாப்பாடு, பஸ் பாஸ், கூடவே அப்பா அம்மா. ஜிம்னாஸ்டிக்ஸுக்குப் பெண்கள் அதிகம் வருவதில்லை, அதனால் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் கலந்துகொண்டால் கிடைக்கும் சான்றிதழுக்கு, படிவம் 3 என்பார்கள், மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் மதிப்பு உண்டு. கொலுசுப் பட்டறைக் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இந்த வழியில் போகிறவர்கள் நான் செய்த தப்பைச் செய்யக்கூடாது. நான் நாலு உபகரணத்திலும் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அலைந்தேன். பார்ஸும் உயர பீமும் இல்லாத ஊரில் ஃப்ளோரையும் வால்ட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு அதில் சுத்தம் பார்ப்பதுதான் புத்தி. மார்க் போடும் முறையே அதற்கு இடம் கொடுக்கிறது. கடினத்துக்கு ஒரு மதிப்பெண், செய்த விதத்துக்கு 10-லிருந்து குறைத்துக்கொண்டே வரும் ஒரு மதிப்பெண், இரண்டையும் கூட்டுவார்கள். முழங்கால் லேசாக மடங்கினால் 0.1, நன்றாக மடங்கினால் 0.3 அல்லது 0.5, விழுந்தால் முழுசாக 1. அரைகுறையாகப் போட்ட கஷ்டமான பல்டியை விட, கால் நீட்டிப் பாதம் கூர்ந்து போட்ட எளிய ஹேண்ட்ஸ்பிரிங் கல்லூரி அளவில் மேலே நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த அப்பாவின் கேள்விக்கு இந்த வழியில் பதில் சரியில்லை. கல்லூரியில் இருக்கும் உடற்கல்வி இயக்குநர் கபடி, வாலிபால், தடகளம் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டியவர், ஜிம்னாஸ்டிக்ஸ் தெரிந்தவராக இருப்பது அபூர்வம். என்னால் வாரத்தில் மூன்று நாள் சாயந்திரம் வந்து நிற்க முடியும். மற்ற நாளில் அவள் செல்போனில் வீடியோ பார்த்துத் தனியாகப் போடுவாள், போடாமல் இருக்கமாட்டாள், எனக்கு அவளைத் தெரியும். 1978-ல் உலகச் சாம்பியனான சோவியத் வீராங்கனை எலெனா முகினா, 1980 மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரங்களே இருந்தபோது, பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாத ஒரு நாள் ஃப்ளோரில் கடினமான பல்டி ஒன்றைப் போட்டுக் கழுத்து முறிந்து, மீதிக் காலம் முழுவதும் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழித்தார். உலகச் சாம்பியனுக்கே அது நடந்திருக்கிறது என்றால் நார் பிதுங்கும் மேட்டில் பழகும் பிள்ளைக்கு நான் என்ன தைரியம் சொல்வது? ஆகவே இங்கேயே இருந்தால் எனக்கு ஒரே நிபந்தனை: தலைக்கு மேல் கால் போகும் எந்தப் புது வித்தையும் ஆள் இல்லாமல் கிடையாது. ஸ்ட்ரெங்த், ஸ்ட்ரெச்சிங், ஹேண்ட்ஸ்டாண்ட், நடனப் பகுதி இவையெல்லாம் தனியாகச் செய்யலாம். அதுவே தினம் ஒன்றரை மணி நேர வேலை.

அடுத்தது சென்னை. நான் மனசாரச் சாய்வது இந்தப் பக்கம்தான், ஆனால் எல்லாருக்கும் இல்லை.

சேலம் மாவட்டம் ஆட்களைத் தராமல் இல்லை. பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்ஸில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் வெள்ளி, பாரீஸில் வெண்கலம். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பால் கிரிக்கெட்டிலிருந்து இந்திய அணிக்குப் போனார். ஆனால் இரண்டு பேருமே ஒரு கட்டத்தில் ஊரை விட்டு வெளியே போய்த்தான் மேலே வந்தார்கள், ஒருவர் பெங்களூருவுக்கு, ஒருவர் சென்னைக்கு. அதுவும் உயரம் தாண்டுவதும் பந்து போடுவதும் ஓரளவுக்காவது வெறும் மண்ணில் பழகக் கூடியவை. அன்ஈவன் பார்ஸை மண்ணில் பழக முடியாது.

பெரிய ஊர் என்பதால் மட்டும் போகச் சொல்லவில்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தீபா கர்மாகர் திரிபுராவில் இருக்கும் அகர்தலாக்காரர், அது ஒன்றும் பெருநகரம் இல்லை. தட்டைப் பாதம் வேறு. அவருக்குக் கிடைத்தது பிஸ்வேஸ்வர் நந்தி என்கிற ஒரு பயிற்சியாளர், சிறு வயதிலிருந்தே கூட நின்றவர். 2016 ரியோவில் வால்ட்டில் 15.066 எடுத்து நான்காவதாக வந்தார், வெண்கலத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் வெறும் 0.150. ஆகவே சென்னையில் கல்லூரி பார்க்கும்போது கல்லூரியின் பெயரையும் ரேங்கையும் ஒதுக்கி வைத்துவிட்டு அரங்கைப் பார்க்க வேண்டும், அரங்கில் நிற்கும் ஆளைப் பார்க்க வேண்டும். 12-க்கு 12 மீட்டர் ஸ்பிரிங் ஃப்ளோர் இருக்கிறதா, கீழே ஃபோம் நிரப்பிய குழி இருக்கிறதா, 17 வயதில் வருகிறவளை ஆறு வயதுக் குழந்தைகள் வரிசையில் நிறுத்திப் பொறுமையாக அடிப்படையிலிருந்து சொல்லித்தர மனசு இருக்கிறதா. கல்லூரிக்கும் அரங்குக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிட வேண்டும், மேப்பில் பார்த்தால் போதாது. முக்கால் மணி நேர பிராக்டீஸில் மூன்று வருடம் ஓட்டியவள் சொல்கிறேன், பயண நேரம் தின்றதுதான் அதிகம்.

செலவு இருக்கிறது. ஹாஸ்டல், சாப்பாடு, பயிற்சிக் கட்டணம், லியோடார்ட் என்கிற உடம்போடு ஒட்டிய போட்டி உடை, கைக்கு கிரிப், டேப், ஊருக்கு வந்துபோக ஏற்காடு எக்ஸ்பிரஸ். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம் குறையலாம், ஆனால் மாவட்ட அளவுச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவளுக்கு அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. ஹாஸ்டல் வாசல் எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதைச் சேரும்போதே கேட்டு, பிராக்டீஸ் முடிந்து வருவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிவிட வேண்டும். இதைக் கேட்காமல் சேர்ந்து ஆறாம் மாதம் பிராக்டீஸையே விட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

லியோடார்ட் என்றதும் அவர்கள் வீட்டில் அப்பாயி முகம் மாறிவிட்டது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பல வீடுகளில் "படிப்பு கெட்டுடும்" என்று வேறு காரணம் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். கணுக்கால் வரை மூடிய உடையில் போட்டியிட விதியிலேயே இடம் இருக்கிறது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸில் ஜெர்மனி பெண்கள் அணி அப்படித்தான் வந்தது. செல்போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அப்பாயி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான இருக்குது" என்றார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது வழி, உடற்கல்வியையே படிப்பாக எடுப்பது. சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதன் கீழ் கல்லூரிகளும் இருக்கின்றன. டிகிரி முடித்துவிட்டு பாட்டியாலாவில் நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தில், என்.ஐ.எஸ். என்று நாங்கள் சொல்வது, பயிற்சியாளர் டிப்ளமோ படிக்கலாம். ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பும் உண்டு. இந்த வழி போட்டியில் ஜெயிப்பதற்கானது என்று நினைத்தால் ஏமாற்றமாகிவிடும், ஏனென்றால் உடற்கல்விப் படிப்பில் கபடி, ஹாக்கி, உடற்கூறியல், மைதானம் கோடு போடுவது வரை எல்லாம் உண்டு, அவளுடைய பீமுக்கு அதில் நேரம் குறைவு. ஆனால் பத்து வருடம் கழித்துச் சேலத்தில் ஒரு பிள்ளை விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்றால் யாராவது இந்த வழியில் போயே ஆக வேண்டும். நான் போனேன், வருத்தமில்லை. இருந்தாலும் இதை 17 வயதில் அவள் தலையில் கட்டக்கூடாது. எந்த டிகிரி முடித்தாலும் பிறகு பி.பி.எட். என்கிற உடற்கல்வி ஆசிரியர் படிப்புப் பக்கம் வரலாம். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் வயது திரும்பி வராது.

நான்காவது, இருக்கிற உடம்பை வைத்துக்கொண்டு பக்கத்து விளையாட்டுக்கு மாறுவது. இதைத் தோல்வி என்று நினைக்கிறார்கள், அப்படி இல்லை. போல் வால்ட்டில், அதாவது கோல் ஊன்றித் தாண்டுவதில், இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கி 5.06 மீட்டர் உலக சாதனை வைத்த ரஷ்யாவின் இசின்பயேவா 15 வயது வரை ஜிம்னாஸ்டிக்ஸ் செய்தவர், உயரமாகிவிட்டதால் மாறினார். நம் மாநிலத்திலும் போல் வால்ட்டுக்கு நல்ல வரலாறு உண்டு, 2014-ல் வி.எஸ். சுரேகா 4.15 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை வைத்தார், 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் அதை முறியடித்த ரோசி மீனா பால்ராஜும் தமிழ்நாட்டுப் பெண்தான். ஓடிவந்து தலைகீழாகத் திரும்பும் தைரியம் உள்ள பெண்ணுக்கு இது நிஜமாகவே யோசிக்க வேண்டிய வழி. அப்புறம் மல்லர் கம்பம். விழுப்புரத்தில் நன்றாக வேரூன்றி இருக்கிறது, கம்பமும் கயிறும் இருந்தால் பழகலாம், ஆனால் நம் ஊரில் சொல்லித்தர ஆள் தேட வேண்டும். யோகாசனத்தை 2020-ல் மத்திய அரசு போட்டி விளையாட்டாக அங்கீகரித்துவிட்டது, சேலத்தில் சொல்லித்தருபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், விழும் பயமும் குறைவு. எனக்குத் தெரிந்து ஜிம்னாஸ்டிக்ஸ் பழகிய பிள்ளைகள் யோகாசனத்தில் சீக்கிரம் மெடல் வாங்குகிறார்கள். இதை அவளிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுல பறக்க முடியாதே டீச்சர்" என்றாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

அமெரிக்காவையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கேட்காத பிள்ளை இல்லை. 2019-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் கேட்லின் ஓஹாஷி ஃப்ளோரில் 10-க்கு 10 வாங்கிய வீடியோவை எல்லாருமே பார்த்திருக்கிறார்கள். அந்த அணிகளுக்கு எடுப்பது அந்த நாட்டு ஜூனியர் அமைப்பின் உச்சப் படியான லெவல் 10-லும் அதற்கு மேலும் பல வருடம் போட்டியிட்டவர்களை. இங்கிருந்து நேராக அங்கே போவது நடக்காது. அங்கேயே மாணவர்கள் நடத்தும் கிளப் அணிகள் பல பல்கலைக்கழகங்களில் உண்டு, புதிதாகப் பழகுகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அவர்களுக்கென்று தேசியப் போட்டியும் நடக்கிறது. மேல்படிப்புக்கு அங்கே போகிறவர்கள் விசாரித்துச் சேரலாம். ஜிம்னாஸ்டிக்ஸுக்காகவே போவதற்கான வழி அது இல்லை.

போன வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா, மகள், நான் மூன்று பேரும் ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை போனோம். இரண்டு அரங்குகள் பார்த்தோம். முதலாவதில் உபகரணம் எல்லாம் பளபளப்பாக இருந்தது, ஒரே மாஸ்டருக்கு நாற்பது குழந்தைகள், நாங்கள் இருந்த ஒரு மணி நேரத்தில் அவர் யாரையும் தொட்டுத் திருத்தவில்லை. இரண்டாவது பழைய கட்டடம், மேட்டில் ஒட்டுப்போட்டிருந்தார்கள், ஃபோம் குழி சின்னது. அங்கே இருந்த பெண் பயிற்சியாளர் இவளைப் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் போடச் சொன்னார், போடுவதற்கு முன் தன் இடது கையை அவள் இடுப்புக்குப் பின்னாலும் வலது கையைத் தொடைக்குப் பின்னாலும் வைத்துக்கொண்டு, "பயப்படாத, நான் விடமாட்டேன்" என்றார். ஏழு தடவை போட்டாள். ஏழிலும் அந்தக் கை அங்கேயே இருந்தது, ஏழாவதில் தொட்டும் தொடாமலும். பிறகு 125 சென்டிமீட்டர் பீமில் ஏற்றி, கீழே மேட்டை மேட்டின் மேல் அடுக்கி பீமுக்கு ஒரு அடி கீழே வரை உயர்த்திவைத்து நடக்கவிட்டார். நாளாக ஆக ஒவ்வொரு மேட்டாக உருவிவிடுவார்களாம். இருபது வருடத்துக்கு முன்னால் இந்த ஒன்றை எனக்கு யாராவது செய்திருக்கலாம்.

அப்பா ஒரு மூலையில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது எக்மோரில் டீ குடித்துக்கொண்டே, அந்த அரங்குக்குப் பக்கத்தில் என்னென்ன காலேஜ் இருக்கிறது, பி.காம். கிடைக்குமா என்று கேட்டார். அரை மணி நேரத்துக்குள் போகிற தூரத்தில் இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. சீட் கிடைக்காவிட்டால் இங்கேயே சேர்ந்து ஃப்ளோர், வால்ட் மட்டும் வைத்துக்கொண்டு, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அங்கே போய்வருவது என்று பேசிவைத்திருக்கிறோம், அந்தப் பயிற்சியாளரும் சரி என்றிருக்கிறார். மாவட்டப் போட்டிச் சான்றிதழில் அவள் இனிஷியல் தப்பாக இருக்கிறது, திங்கட்கிழமை அதைத் திருத்தி வாங்கப் போகிறேன்.